பழைய எண், புதிய எண்

எங்கள் வீட்டு வாசலுக்கு மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவில், சுண்ணாம்புக் காரையால் செய்த ஒரு கப்பல் இருக்கிறது. ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் கல்மண்டபத்துக்கும் நடுவே உள்ள சந்துகளில் இந்த மாதிரி வீடுகள் இன்னும் சில உண்டு. ஒன்றில் சிங்கம் இருக்கும், ஒன்றில் இரண்டு கிளிகள் இருக்கும். எங்களுடையதில் கப்பல். கப்பல்களுக்குச் சாமான் விற்ற யாரோ ஒருவர் கட்டிய வீடு என்பார்கள். அவருடைய வாரிசுகள் வீட்டைப் பகுதி பகுதியாக விற்றபோது, அதுவரை வாடகைக்கு இருந்த முன்பக்கத்தை நாங்களே வாங்கிக்கொண்டோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தவிர அந்தக் கப்பலை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிச் சரக்குக்கான விவரங்களைக் கணினியில் அடித்து அனுப்புவது என் வேலை. கணவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ஆகவே வீட்டில் பெரும்பாலும் நானும் மாமியாரும்தான். மாமியார் காசிமேட்டில் மீன் எடுத்துக் கல்மண்டபம் மார்க்கெட்டில் விற்றவர். முட்டி வலி அதிகமானதும் வியாபாரத்தை விட்டுவிட்டார். வியாபாரத்தை விட்டாலும் குரலை விடவில்லை. வெயில் தாழ்ந்ததும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரானால், சந்தில் யார் வந்தாலும் போனாலும் அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவொற்றியூரில் ஒரு இடம் ஏறக்குறைய பேசி முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தனியா ஒரு ரூம் இருந்தா தேவல." எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அவர் கேட்டதில் தவறில்லை. மொட்டைமாடியில் குளியலறையோடு ஓர் அறை கட்டுவதென்று முடிவு செய்தோம். செங்கல்லும் மணலும் சந்தில் வந்து இறங்கின. கொத்தனார் வந்து நூல் பிடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

சனி, ஞாயிறு மாலைகளில் வருவார்கள். இரண்டு பேராக, நான்கு பேராக, ஒருமுறை ஏழெட்டுப் பேர் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லார் கையிலும் போன். சந்து முனையில் நின்று போனைப் பார்ப்பார்கள், நடப்பார்கள், மறுபடி பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள். ஒருவர் அண்ணாந்து மாடியைப் பார்த்து விரலால் எதையோ எண்ணுவார். இன்னொருவர் குனிந்து கதவுப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களைப் படிப்பார். எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டே, பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டையும் படித்துப் போனில் தட்டுவார்கள். சில நேரம் கைதட்டிச் சிரிப்பார்கள். பிறகு ரயில் நிலையம் பக்கமாகப் போய்விடுவார்கள்.

முதலில் மாமியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டடங்களைப் படம் எடுக்க ஆட்கள் வருவது ராயபுரத்துக்குப் புதிதல்ல. ஆனால் மூன்றாவது வாரம், நான் வேலை முடிந்து வந்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

"பொண்ணே, இது போட்டோ புடிக்கிற கூட்டம் இல்ல. வூட்டு நம்பரை எழுதிகினு பூட்டாங்க. பழசு, புதுசு ரெண்டும். மாடியில ரூம் கட்டப் போற எடத்தயும் அண்ணாந்து பாத்துகினு நின்னாங்க."

"கேட்டிருக்கலாமே அத்த?"

"கேட்டேனே. 'ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, சும்மா'ங்கறான். சும்மா எவன்னா அடுத்தவன் வூட்டு நம்பரை எழுதுவானா?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்தபோது அவர் இருந்தது கடற்கரை ஓரத்தில், அலை ஏறினால் திண்டாடுகிற ஒரு குடிசையில். ரோடு அகலப்படுத்துவதற்காக அந்த வரிசை முழுவதையும் எடுத்தார்கள். அதைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வார். முதலில் சட்டை இன் பண்ணிய இரண்டு பேர் வந்து கதவைப் பார்த்தார்கள். கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அப்புறம் இன்னும் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு குறி. அதற்கப்புறம் வண்டி வந்தது. "ஒண்ணும் இல்லன்னு சொன்னப்பவே நான் முழிச்சிகினு இருந்திருக்கணும்" என்று முடிப்பார்.

ஆகவே அடுத்த நாள் காலை மாமியார் கொத்தனாருக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கணவரிடமும் கேட்கவில்லை. இடிக்கப் போகிற வீட்டுக்கு மாடி எதற்கு என்பது அவர் கணக்கு. கணவர் எண்ணூரில் லாரி வரிசையிலிருந்து போனில் சத்தம் போட்டார். "யம்மா, யாரோ நாலு பசங்க வந்து நின்னா வூட்டை எடுத்துடுவாங்களா?" மாமியார் அசையவில்லை. "நீ வண்டியில குந்திகினு பேசுவ. இங்க பாக்கறது நானு."

விஷயம் சந்து முழுக்கப் பரவியது. எதிர்வீட்டில் இட்லிக்கடை நடத்தும் அக்கா, மெட்ரோ ரயில் சந்துக்கு அடியில் போகப்போகிறது என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். கடைசி வீட்டில் இருக்கும் ஆட்டோக்காரர் மேம்பாலம் என்றார். மாமியார் நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி வட்டத்தில் விவரம் தெரிந்தவர்களைப் போய்க் கேட்டார். அப்படி எதுவும் திட்டம் இல்லை என்று சொன்னார்கள். திரும்பி வந்த மாமியாரின் முகம் இன்னும் இறுகியிருந்தது.

"ஒண்ணும் இல்லங்கறாங்க. அப்ப கண்டிப்பா இன்னாவோ கீது."

நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் உதைப்பாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் கணினியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே விரல் தானாக நிற்கும். இந்த வீட்டை வாங்க நகைகளைப் போட்டிருந்தோம். எடுத்துக்கொண்டால் எங்கே போவது என்று நினைத்துக்கொண்டிருப்பேன். வியாசர்பாடியில் குடியிருப்பு வாரிய வீட்டில் வளர்ந்தவள் நான். மூன்றாம் மாடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தது தோளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாசலைத் திறந்தால் தெரு என்கிற வசதி எனக்கு இந்த வீட்டில்தான் முதல்முதலாகக் கிடைத்தது.

இந்த வதந்தி திருவொற்றியூர் வரை போய்விட்டது. பெண்ணின் அப்பா ஒருநாள் போன் செய்து, சுற்றி வளைத்துப் பேசி, "உங்க தெருவ எடுக்கறாங்கன்னு காதுல வுழுந்திச்சி. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே" என்றார். நான் சரி என்றேன். அன்று மாமியார் சாப்பிடவில்லை. மறுநாள் சனிக்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பும்போது, மீதமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, நாற்காலி மேல் ஏறி நின்று, கதவுப் பக்கத்தில் இருந்த இரண்டு எண்கள் மேலும் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டிருந்தார்.

"அத்த, தபால்காரர் எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

"அவனுக்கு என்னைத் தெரியும். தெரியாதவன் எவனுக்கும் நம்பர் வோணாம்."

அடுத்த நாள் ஞாயிறு. மாலை நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மாமியாரின் குரல் கேட்டது. வியாபாரக் குரல். மார்க்கெட்டில் யாராவது மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் வருகிற குரல். ஓடி வந்து பார்த்தேன். மூன்று பேர் நின்றிருந்தார்கள். முப்பது முப்பத்திரண்டு வயதில் கண்ணாடி போட்ட ஒரு ஆள், அவர் மனைவி, நாற்பதைத் தாண்டிய இன்னொரு பெண். மாமியாரின் கையில் அந்த மனைவியின் போன் இருந்தது. பிடுங்கியிருக்கிறார்.

"நம்பர் இன்னான்னு கேக்கறா! எங்கிட்டயே கேக்கறா! அவ்ளோ தைரியம் வந்துட்ச்சா?"

எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். ஆட்டோக்காரர் பனியனோடு வந்தார். இரண்டு நிமிடத்தில் சந்து அடைத்துக்கொண்டது. கண்ணாடிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், சத்தியமா இது கேம்தான், கேம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "யாரு அனுப்ச்சது உங்கள? அதச் சொல்லு" என்றார் ஆட்டோக்காரர். அந்த மனைவி அழுகிற நிலைக்கு வந்திருந்தார். மூன்றாவது பெண் மட்டும் நிதானமாக மாமியார் பக்கம் வந்து, "ஏனுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் கோயமுத்தூருங்க, தம்பி வூட்டுக்கு வந்திருக்கறேன். போன்ல புதிர் போடறாங்க, அதைக் கண்டுபுடிச்சுட்டே நடக்கணுமாம். எனக்கே பாதி புரியலீங்க" என்றார்.

நான் மாமியாரின் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தேன். மேலே ராயபுரத்தின் வரைபடம். அதில் எங்கள் சந்தின் மேல் ஒரு நீலப் புள்ளி. கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

"கரையேறிய கப்பல் ஒன்று இந்தத் தெருவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. வீட்டின் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணைக் கழி. கப்பலின் வட்ட ஜன்னல்களை அதோடு கூட்டு. கிடைக்கும் எண் அடுத்த கதவைத் திறக்கும்."

எல்லாரும் அண்ணாந்து கப்பலைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடமாகத் தலைக்கு மேல் இருந்த கப்பல். அதற்கு ஜன்னல் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"ஆறு" என்றார் எதிர்வீட்டு அக்கா.

அவர்களிடம் கேட்டு விளக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஒரு சிறிய கம்பெனி இதை நடத்துகிறது, காசு கட்டினால் போனில் புதிர்கள் வரும், ஒவ்வொன்றையும் விடுவித்தால் அடுத்த இடத்துக்கு வழி சொல்லும், இப்படியே ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று. ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குள் போனார். மாமியார் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

"துட்டு குடுத்து வந்து என் வூட்டு நம்பரை எண்றாங்களா?"

"ஆமா அத்த."

"இத நான் நம்பணும்?" அவர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "சரி நைனா. வெளையாட்டுன்ற. இதுக்கு அப்பால எங்க போவ?"

"அது... இந்தப் பதிலைப் போட்டாத்தாம்மா தெரியும்."

"போடு. நானும் வரேன். கடைசில எந்த ஆபீசு வாசல்ல போய் நிக்குதுன்னு நானும் பாக்கறேன்."

முட்டி வலியை நினைவூட்டினேன். காதில் வாங்கவில்லை. உள்ளே போய்ச் சேலையைச் சரி செய்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். தனியாக விட முடியாமல் நானும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும் முன் சுண்ணாம்புக்கு அடியில் இருந்த இரண்டு எண்களையும் நானே அவர்களிடம் சொன்னேன். அந்த மனைவி கழித்து, ஆறைக் கூட்டிப் போனில் தட்டினார். போன் மணியடித்தது. நீலப் புள்ளி ரயில் நிலையத்துக்குத் தாவியது.

அங்கே போன் கேட்டது முகப்பில் எத்தனை தூண்கள் என்று. நான் தினமும் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். எண்ணியதில்லை. கண்ணாடிக்காரர் ஒரு எண்ணிக்கை சொன்னார், அவர் மனைவி இன்னொன்று சொன்னார். மாமியார் இடுப்பில் கை வைத்து நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் விட்டு எண்ணி, சுவரோடு ஒட்டி நின்ற பாதித் தூண்களையும் சேர்த்து ஒரு கணக்குச் சொன்னார். அதைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டார்கள். போன் 'தவறு' என்று சிவப்பாகக் காட்டியது.

"இன்னா தவறு? அதுக்குக் கண்ணு கீதா? நான் நேரா நின்னு எண்ணிகினு கீறேன்."

"பாதித் தூணைச் சேக்கக் கூடாது போலிருக்கும்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஏன் கூடாது? பாதிச் சுவரு வூட்டுல சேத்தி இல்லியா?"

கோயமுத்தூர் அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாமியார் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி சொன்ன எண்ணிக்கை சரியாக இருந்தது. "பாத்தியா, பொம்பள கண்ணுக்குத்தான் தெரியுது" என்று அந்த வெற்றியையும் மாமியார் தன் பக்கமே சேர்த்துக்கொண்டார்.

அங்கிருந்து ஒரு மாதாகோயில், அதன் பிறகு ஒரு பழைய மருந்துக்கடையின் பெயர்ப்பலகை. பலகையில் இருந்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் நான்கு பேரும் நடைபாதையில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். மாமியார் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் வெளியே வந்து, "வாராவாரம் வராங்கம்மா. எவன் வந்தாலும் ஒரு மாத்திரைப் பட்டை கூட வாங்க மாட்டேன்றான்" என்று குறைபட்டார். அவருக்கும் இது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. பலகையில் ஏதோ எழுத்துப்பிழை இருப்பதால் கேலி செய்ய வருகிறார்கள் என்று நினைத்து, புதுப் பலகைக்குச் சொல்லி வைத்திருந்தாராம். மாமியார் அவரிடம் நான் சொன்ன விளக்கத்தை அப்படியே, ஏதோ தானே அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பதுபோலச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

காசிமேடு பக்கம் திரும்பியபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. மாமியாரும் கோயமுத்தூர் அக்காவும் பின்தங்கிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்த அக்காவுக்கு மீன் வாங்கத் தெரியாது, வாங்கினால் ஏமாற்றிவிடுகிறார்கள் என்றார். ஐஸ்ஸில் போட்ட மீனைக் கையால் தொட்டு எப்படிப் பார்ப்பது என்று மாமியார் நடுரோட்டில் விளக்கினார். டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொரு வண்டியின் முகப்பையும் நான் பார்த்தபடி நடந்தேன். கணவரின் வண்டி இல்லை.

கடைசிப் புள்ளி கடலோரத்தில், அலைக்குத் தடுப்பாகப் பாறைகள் கொட்டியிருக்கும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தைக் கண்டதும் மாமியார் நடையை நிறுத்தினார். பாறைகளைப் பார்க்கவில்லை. திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"இங்க தான் என் வூடு" என்றார் கோயமுத்தூர் அக்காவிடம். "தோ, அந்த லாரி நிக்குதே, அதுக்கு அடில."

"அடியிலீங்களா?"

"ரோடு போட சொல்ல எடுத்துட்டாங்க. பதிலுக்கு வேற எடம் குடுத்தாங்க, ரொம்பத் தூரத்துல. மீன்காரி அங்க போய் இன்னா பண்ணுவா? போவல."

அந்த அக்கா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமியார் அழுகிற ஆள் இல்லை. கையைப் பிடிக்க விட்டுவிட்டு நின்றார். இருபது வருடத்துக்கும் மேலாக எனக்கு அவரைத் தெரியும். கடையில், மார்க்கெட்டில், பஸ்ஸில் என்று எங்கெல்லாமோ அந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நின்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாங்கள் இருவரும் சேர்ந்து அங்கே போனதே இல்லை.

அதற்குள் கண்ணாடிக்காரர் கடைசிப் பதிலைப் போட்டுவிட்டார். போனில் வாழ்த்துகள் என்று எழுத்து வந்தது, கலர் காகிதத் துண்டுகள் மழைபோல விழுந்தன, ஒரு இசை ஒலித்தது. எத்தனை புதிர், எவ்வளவு நேரம் என்று கணக்கு வந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"ஆபீசு, ஆளு, ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா."

அவர் ஒரு பாறையில் மெல்ல உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு மாசமா நான் தூங்கல, நைனா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை, விளையாட வந்தவர். ஆனாலும் கேட்டார். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அந்தச் செயலியில் இருந்த உதவி எண்ணுக்கு நான் பேசினேன். எடுத்தது ஒரு இளம்பெண். அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்துதான் இதை நடத்துகிறார்கள். நடந்ததைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே நேரில் வந்தாள். மாமியார் அவளுக்கு மீன்குழம்போடு சோறு போட்டார், அதே சமயம் விடாமல் திட்டினார்.

"ஒரு தெருவுக்குள்ள ஊரானை அனுப்பற. தெருக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சா பூடுவ?"

"தோணலம்மா. கட்டடத்தைத்தான் பாத்தோம்."

"கட்டடத்துக்குள்ள நாங்கதானே கீறோம்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். எங்கள் வீட்டை விளையாட்டிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். மாமியார் வேண்டாம் என்றார். வருகிறவர்கள் வரட்டும், ஆனால் சந்தில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் போய் அவளே விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றார். அவள் சொன்னாள். வீடு வீடாக மாமியாரே கூட்டிக்கொண்டு போனார். மருந்துக்கடைக்கும் போனார்கள். அந்த வாரமே கணவர் கறுப்புப் பெயின்ட் வாங்கி வந்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் முன்பைவிடப் பெரிதாக எழுதினார்.

திருவொற்றியூருக்கு நானே நேரில் போனேன். பெண்ணின் அப்பாவிடம் என் போனில் அந்த விளையாட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டார், காபி கொடுத்தார், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயமானது என்று கேள்விப்பட்டோம். மகன் போனில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மாமியார்தான் தன்னால்தான் கெட்டது என்று சில நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்தேன். அவர் பயந்தது தப்பு என்று இன்று வரை எனக்குத் தோன்றவில்லை.

கொத்தனார் இதற்குள் மணலியில் வேறு வேலை எடுத்திருந்தார். அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். செங்கல் சந்திலேயே கிடந்தது.

சந்தில் இப்போது யாருக்கும் பயமில்லை. போனைப் பார்த்தபடி யார் வந்தாலும் வீட்டுக்கு வீடு குரல் கொடுப்பார்கள். "நேராப் போ மாமு, கப்பல் வூடு அங்க கீது" என்று ஆட்டோக்காரர் வழி காட்டுவார். இட்லிக்கடை அக்கா தண்ணீர் கொடுப்பார். சிலருக்குப் பதிலையே சொல்லிவிடுவதாகக் கம்பெனிப் பெண் என்னிடம் போனில் செல்லமாக முறையிட்டாள்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு வேலை நாளில், இரண்டு பேர் வந்தார்கள். கையில் போன், ஒருவரிடம் அளவு நாடாவும் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றபோது மாமியார் நாற்காலியிலிருந்தபடியே, "ஜன்னலு ஆறு. பழைய நம்பர்ல புதுசக் கழிச்சுக்கோ" என்றாராம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அன்று இரவு இதை என்னிடம் சொன்னபோது, "இவனுங்க கொஞ்சம் மந்தம். சிரிக்கக் கூட இல்ல" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, சந்தின் முனையிலிருந்து பள்ளம் தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. பாதாளச் சாக்கடைக் குழாயை மாற்றுகிறார்களாம். அளவெடுக்க வந்தவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் வாசலை ஒட்டி ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. எங்கள் மணலில் பாதி அதற்குள் சரிந்தது. மாமியார் வாசற்படியில் நின்று, மேற்பார்வை பார்க்க வந்தவரை அவர் பரம்பரை வரைக்கும் விசாரித்தார். அவர் பொறுமையாக, "அம்மா, போன வாரமே எங்க பசங்க வந்தாங்களே. நீங்க ஏதோ கணக்குச் சொன்னீங்கன்னு சொன்னாங்க" என்றார். மாமியார் திரும்பி உள்ளே வந்துவிட்டார். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பள்ளம் மழை முடியும்வரை திறந்தே கிடந்தது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருந்தார்கள். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் மேல் நடந்தேன். மாமியாரை ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக் கடத்துவார். விளையாட வருகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் சந்து முனையோடு திரும்பிவிட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு கொத்தனார் வந்தார். புதிதாக மணல் இறக்கி, சித்திரைக்குள் அறையை முடித்துக் கொடுத்தார். மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. ஓசூரிலிருந்து வரும்போது அவன்தான் அதில் படுக்கிறான். மற்ற நாட்களில் கணவர், எந்த நேரத்தில் வந்தாலும் யாரையும் எழுப்பாமல் வெளிப்படிக்கட்டு வழியே ஏறிப்போய்த் தூங்குகிறார்.